மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி

தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் செவிலியர். அங்கு மாத்திரைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு இதய வால்வு சுருங்கியிருந்தது. சிறுவயதில் தொண்டைப்புண்ணோடு வந்த காய்ச்சல் விட்டுச்சென்ற கோளாறு. வயது இருபத்தாறு, நாற்று நடப் போகிறவள். வால்வு மேலும் கெடாமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டும். சிலருக்கு அது ஒவ்வாமல் போகலாம் என்பதால் எங்களைப் போன்ற சிறிய இடங்களில் அதைப் போட மாட்டோம். அவள் டவுன்பஸ் பிடித்துத் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். போகும் நாளில் வேலை கிடையாது.

ஒருநாள் மாவட்ட சுகாதார அலுவலகத்தில் ஒரு கூட்டத்துக்கு எங்களை அழைத்தார்கள். இதுபோன்ற கடுமையான நாள்பட்ட நோய்களுக்குக் கிராமத்திலேயே சிகிச்சை கொடுக்க நாடு முழுவதற்கும் திட்டம் தயாராகிறது, செவிலியருக்குப் பயிற்சி உண்டு, ஊசியும் வரும் என்றார்கள். நான் எழுந்து அவளைப் பற்றிச் சொன்னேன்.

"இந்த மாதிரி ஆளுகளுக்குத்தாம்மா இந்தத் திட்டமே" என்று ஓர் அதிகாரி குறித்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த முறை மாத்திரை வாங்க வந்தவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"இனி நீ டவுனுக்கு அலைய வேண்டாம். ஊசி இங்கனயே வரப்போகுது."

"எப்பம்க்கா?"

"சீக்கிரம் வந்துரும்."

பட்டியல் கேட்டார்கள், அனுப்பினேன். படிவம் மாறிவிட்டது என்று மறுபடி கேட்டார்கள், மறுபடி அனுப்பினேன். குறித்துக்கொண்ட அதிகாரி மாற்றலாகிப் போனார். இதற்கிடையில் மாத்திரைக்கு அவள் வரவில்லை, அவள் கணவன்தான் வந்தான். ஊசி போட்டாளா என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ஐந்தாவது மாதம் ஒரு காலையில் அவன் அவளைப் பைக்கில் வைத்துக் கொண்டுவந்தான். படுக்க முடியவில்லை அவளுக்கு. குனிந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தாள். ஆக்சிஜன் வைத்துவிட்டு, கடைசி ஊசி எப்போது என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன பொறவு போவல சிஸ்டர். இங்கனயே வருதுன்னு சொன்னியள்லா, அதான் பாத்துக்கிட்டு இருந்தா" என்றான். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. விவரம் கேட்டதற்குச் சொன்ன பதில், அவ்வளவுதான். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "அக்கா மேல தப்பில்ல" என்று இடையில் ஒருமுறை சொன்னாள். பேசாதே என்றேன். என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

பிழைத்துவிட்டாள். சில மாதங்களில் வால்வை மாற்றினார்கள். இப்போது இரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை, அதற்கு மாதாமாதம் இரத்தப் பரிசோதனை, கூடவே பழைய ஊசி. எல்லாவற்றுக்கும் டவுனுக்குத்தான் போகவேண்டும். பிள்ளை பெறுவது ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். நடவுக்குப் போவதில்லை.

நான் அலுவலகத்துக்குப் பலமுறை போன் செய்தேன். "ஒப்புதலுக்குப் போயிருக்கு சிஸ்டர்" என்று ஒரு பெண் மரியாதையாகவே சொல்வார். அவர் கையிலும் ஒன்றும் இல்லை என்று குரலிலேயே தெரியும்.

போன வாரம் மூன்றாவது முறையாகப் பட்டியல் கேட்டார்கள். அவள் பெயரை எழுதி அனுப்பினேன். அவளிடம் சொல்லவில்லை.