ஐந்தாவது ஆல்பத்துக்காரர்

பஸ்ஸின் முன்கம்பியில் வலது கை விரல்களால் ஏழு தட்டுத் தட்டுவார். எட்டாவதுக்கு இடம் விடாமல் மறுபடியும் ஏழு. தெரணியகலை பஸ்ஸுக்குப் புதிதாக வரும் கண்டக்டர் எவனும் முதல் வாரம் ஏமாந்துதான் போவான். "மாமே, பஹினவத?" என்று சிங்களத்தில் கேட்பான், இறங்கப் போகிறாரோ என்று. கிருஷ்ணகுமார் கண்ணைத் திறக்காமலே, "நே மல்லி, மே ட்ரம்ஸ்" என்பார். இறங்கவில்லை தம்பி, இது ட்ரம்ஸ். இதற்கு மேல் என்ன விளக்கம் சொல்வது, சொல்லுங்கள்.

முப்பத்தெட்டு வருடம் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வயர்மேனாக இருந்தவர். போன வருடம் ஓய்வு பெற்றார். இன்னமும் மோட்டார் நின்றுபோனால் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். போவார், காதைச் சாய்த்துக் கேட்பார், "தாளம் தப்புதுங்க" என்பார். பெயரிங் தேய்ந்திருக்கும். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு சாமான்: ஒரு டெஸ்டர், பொலித்தீனில் சுற்றிய ஒரு கேசட். கேசட்டின் ஒரு பக்கத்தில் சிவப்பு மையால் 3 என்றும் மறுபக்கத்தில் 5 என்றும் எழுதியிருக்கும். அந்த எழுத்து டவுனில் கடை வைத்திருக்கும் மஷூர் நாநாவுடையது.

கதை தொண்ணூறாம் ஆண்டில் தொடங்குகிறது. தோட்டத்துப் பங்களாவில் வயர் மாற்றப் போன இடத்தில் சின்னத்தொரை, அதாவது உதவி மேனேஜர், ஓர் இசைத்தட்டைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். கொப்பர் வெதர் என்று இங்கிலாந்துப் பாட்டுக்குழு ஒன்று. ஏணியில் நின்ற கிருஷ்ணகுமாருக்கு அரைவாசிப் பாட்டில் கை நின்றுவிட்டது. "அந்த ட்ரம்ஸு எங்க ரோலர் மெசின் மாதிரியே போச்சுங்க. ஆனா ஒரு அடி கொறையுது. அந்த ஒரு அடிய எங்க வச்சான்னு தேடிக்கிட்டே நிக்கிறேன்" என்று இன்றைக்கும் சொல்வார். தேடல் இன்னும் முடிந்தபாடில்லை.

அந்தச் சின்னத்தொரை வேலையை விட்டுக் கொழும்புக்குப் போகிற வாரத்தில் மூன்றாவது ஆல்பத்தையும் ஐந்தாவது ஆல்பத்தையும் இரண்டு நாளுக்கு இரவல் வாங்கி, டவுனில் கேசட் பதிகிற கடைக்கு ஓடினார். கடைக்காரர் மஷூர். இவரைவிட நாலு வயது மூத்தவர், அதனால் நாநா, அண்ணன். பதிந்து கொடுத்ததோடு விடாமல் தானும் கேட்டார். கேட்டதோடு விடாமல் அபிப்பிராயமும் வைத்துக்கொண்டார். வந்தது வினை. மஷூருக்கு மூன்று, இவருக்கு ஐந்து. அன்று தொடங்கிய சண்டை முப்பத்தைந்து வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் நடக்கிறது. கேசட் கடை பிறகு சீடி கடையாகி, இப்போது போனுக்குக் காசு ஏற்றுகிற ரீலோட் கடையாகிவிட்டது. சண்டை மட்டும் மாறவில்லை.

"மூணுல பாட்டு ஈக்கி. வாய்க்கு வரும், மனசுல நிக்கும். ஒங்கட அஞ்சுல என்ன ஈக்கி? ஒரே பாட்ட அரை மணித்தியாலம் இழுக்கிறான்" என்பார் மஷூர். அவர் பேச்சில் இருக்கிறது என்பது 'ஈக்கி', இருந்தது என்பது 'ஈந்த'.

"இழுக்கலீங்க நாநா, ஏத்துறான். மலை ஏறுற மாதிரி ஏத்திக்கிட்டே போறான். கடைசில என்னா செய்றான்? பாடிக்கிட்டு இருக்கிறப்பவே, பாதி வார்த்தையில டக்குனு நிப்பாட்டுறான். மத்தவன்னா இழுத்து முடிச்சிக் கைதட்டு வாங்கிட்டுத்தான் போவான். முடிக்காம விட்டுட்டுப் போறதுக்கு எவ்ளோ துணிச்சல் வேணும்?"

இதுதான் அவருடைய துருப்புச்சீட்டு. இந்த இடத்துக்கு வந்ததும் மஷூர் பிளேன் டீயை உறிஞ்சுவார், "சரி, அடுத்த கெழம பாப்பம்" என்பார். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு நாள்கூட அதற்குப் பதில் சொன்னதில்லை. பதில் இல்லாததால் என்றே கிருஷ்ணகுமார் நம்பி, ஏழு தட்டித் தட்டி மகிழ்ச்சியாக வீடு திரும்புவார். "அந்த வெள்ளக்காரனுக்கே இவ்ளோ கவல இருந்திருக்காது" என்பார் அவர் மனைவி தங்கம்மா.

போன மாதம் கேசட் சிக்கியது. முன்பும் இரண்டு தடவை சிக்கியது உண்டு, டேப் ஒட்டிச் சரிக்கட்டியிருந்தார். இந்த முறை நாடா நூலாகிவிட்டது. முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கப் பொறுக்காமல், கொழும்பிலிருந்து வந்திருந்த மகள் கலைச்செல்வி அவருடைய போனில் யூடியூபைத் தட்டி, "அப்பா, ஒங்க பாட்டு முழுசா இருக்கு" என்று நீட்டினாள்.

சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்தான். சாயங்காலம் அங்கே போய்க் கல்லில் உட்கார்ந்து ஐந்தாவதைக் கேட்டார். ஒவ்வொரு அடியும் அவருக்கு மனப்பாடம். அந்தப் பாதி வார்த்தை வந்தது. நிற்கவில்லை. பாடகர் வார்த்தையை முடித்தார், வரியை முடித்தார், ஓர்கன் வந்தது, தொடக்கத்தில் வந்த மெட்டு மெதுவாகத் திரும்பி வந்தது. இன்னும் நாலு நிமிடம். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

கிருஷ்ணகுமார் வயர்மேன், கணக்குத் தெரியாதவர் அல்ல. தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து. ஆல்பம் நாற்பத்தொன்பது. துணிச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாடா தீர்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கல்லிலேயே அவருக்கு அழுகை வந்தது. பாட்டுக்காக அல்ல. சொன்னால் தன் கட்சி தோற்றுவிடும். தோற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமை எதற்கு டவுனுக்குப் போவது? சொல்லாவிட்டால் நாநாவின் முகத்தைப் பார்த்துப் பொய் பேச வேண்டும். இரண்டு ஞாயிறு உடம்பு சரியில்லை என்று வீட்டில் கிடந்தார். மூன்றாவது ஞாயிறு தங்கம்மா மருந்தாக மல்லித்தண்ணியோடு வந்து நிற்கவும், எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அன்றைக்குக் கம்பியில் விரல் தட்டவில்லை. பழைய கண்டக்டரே திரும்பிப் பார்த்தான்.

கடையில் மஷூர் ஒரு பெண்ணுக்கு ரீலோட் போட்டு அனுப்பிவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டு கெழமயா எங்க போன நீங்க?"

"நாநா, ஒரு விசயம் கேளுங்க." போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். கடைசிப் பாட்டின் கடைசிப் பகுதியைப் போட்டுவிட்டுச் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மஷூர் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ட்ரம்ஸ் ஏறியது, பாடகரின் குரல் ஏறியது. அந்தப் பாதி வார்த்தையில், சரியாக அந்த இடத்தில், மஷூரின் பெருவிரல் திரையில் விழுந்தது. பாட்டு நின்றது.

கிருஷ்ணகுமாருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"பதிஞ்சது நான்தானே. கேசட் இந்த எடத்தில முடிஞ்சிட்டு, தட்டு சுத்திக்கிட்டு ஈந்த. மிச்சத்த நான் இங்க நின்டு கேட்டேன்."

"அப்ப இத்தன வருசமா ஏன் ஒரு வார்த்த சொல்லலீங்க?"

"மொதல்ல வெக்கம். நீங்க எவ்வளவு ஆசையா வந்தீங்க, நான் கொறயாப் பதிஞ்சு தந்திட்டேன். பொறகு நீங்க துணிச்சல் அது இதுன்டு பேசத் தொடங்கிட்டீங்க. கேக்க நல்லா ஈந்த." மஷூர் கண்ணாடியைக் கழற்றி, கட்டியிருந்த சாரத்தின் நுனியில் துடைத்தார். "சொல்லி ஈந்தா அன்டைக்கே நான் வென்டிருப்பேன். அதுக்குப் பொறகு நாம என்னத்தப் பேசுற?"

போனைக் குப்புறக் கவிழ்த்து ஓரமாகத் தள்ளினார். உள்ளே திரும்பி மனைவியிடம், "றுகையா, ரெண்டு பிளேன் டீ" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கமான குரலில் தொடங்கினார்: "என்னவா ஈந்தாலும் மூணுதான். அதுல பாட்டு ஈக்கி."

கிருஷ்ணகுமார் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடி மேசையில் ஏழு தட்டினார்.