கல்யாணத்தன்று கண் திறக்காத டிவி

இரண்டு வருடங்களுக்கு முன், ஆயுத பூஜைக்கு மறுநாள் நடந்தது இது. புதுச்சேரியில் குருசுக்குப்பம் பக்கம் எங்கள் வீடு. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுக்கு சால்டரிங் வைப்பது என் வேலை. அதற்கும் டிவி ரிப்பேருக்கும் ரொம்ப தூரம். ஆனால் யூடியூப் பார்த்து இரண்டு மிக்ஸியையும் ஒரு பழைய டிவியையும் ஓடவைத்துவிட்டேனா, தெருவுக்கே மெக்கானிக் ஆகிவிட்டேன். டூல் பையை எடுத்தாலே, டாக்டரம்மா கிளம்பிட்டாங்க என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

எதிர்வீட்டு அக்காவின் ஒரே மகளுக்கு அன்று மதியம் பிரான்சில் கல்யாணம். அங்கே மெரிக்கு, அதாவது நம் ஊர் நகராட்சி ஆபீஸ் மாதிரி ஓர் இடத்துக்குப் போய், கையெழுத்துப் போடுவதுதான் கல்யாணம். அக்காவும் அவர் கணவரும் போவதற்கு டிக்கெட் எல்லாம் போட்டாகிவிட்டது. கிளம்புகிற வாரம் பார்த்து அக்காவின் கணவர், தெருவில் எங்களுக்கெல்லாம் அண்ணன், பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக அக்காவுக்கு மனசில்லை. வீடியோ காலில் காட்டுகிறோம், டிவியில் போட்டுப் பாருங்கள் என்று மகள் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள்.

காலையில் டிவி வரவில்லை. சிவப்பு விளக்குகூட எரியவில்லை. லீவு நாள், ஒரு மெக்கானிக்கும் போனை எடுக்கவில்லை. போனிலேயே பார்த்துவிடலாமே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"எம் பொண்ணு கல்யாணத்த உள்ளங்கையில வச்சிக்கினா பாக்கறது?" என்றார் அக்கா. வீட்டுக்கு ஓடி டூல் பையை எடுத்துவந்தேன்.

மெத்தையில் போர்வை விரித்து டிவியைக் குப்புறப் படுக்கவைத்தோம். பின்பக்க மூடியைக் கழற்றி மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஃப்யூஸ் நன்றாக இருந்தது. பவர் போர்டிலிருந்து மெயின் போர்டுக்குக் கரண்ட் ஒழுங்காகப் போனது. அப்படியென்றால் மெயின் போர்டுதான் போயிருக்க வேண்டும். அதற்கு அன்றைக்கு எங்கே போவது? காலை நீட்டிக் கட்டிலில் படுத்திருந்த அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைதான் என்னைக் கொன்றது.

மறுபடி மூடியை மாட்டி, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே டிவியை நிமிர்த்தினோம். கீழ்ச்சட்டத்தின் நடுவில் கட்டைவிரல் அளவுக்குச் சந்தனமும் குங்குமமும். காலையிலேயே அதைப் பார்த்தேன்தான். ஆனால் பூஜைக்கு மறுநாள் பொட்டு இல்லாத சாமான் எந்த வீட்டில் இருக்கிறது? எங்கள் கம்பெனியில் மிஷினுக்கு மிஷின் பொட்டு. என் சால்டரிங் மிஷினுக்கு நானே வைத்தேன். அதனால் கண் அதில் நிற்கவே இல்லை.

"அக்கா, இந்தப் பொட்டு எப்ப வச்சீங்க?"

"நேத்து சாயங்காலம். டிவிய நிறுத்திட்டு, நல்லா தொடச்சி, நட்டநடுவுல வச்சேன். ஏம்மா?"

ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கண் அந்த நட்டநடுவில்தான் இருந்தது. சிவப்பு விளக்கும் அங்கேயேதான். அதற்கு நேர் கீழே இருக்கும் பவர் பட்டனுக்குள்ளும் சந்தனம் வழிந்து கெட்டியாகக் காய்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஊசியால் மெல்லச் சுரண்டி, பஞ்சால் துடைத்தேன். சிவப்பாக ஒரு புள்ளி எட்டிப் பார்த்தது. ரிமோட்டை அழுத்தினேன், படம் வந்துவிட்டது. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கன்னத்தில் போட்டுக்கொள்வதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் அக்கா இரண்டையும் செய்தார்.

மதியம் தெருவே அந்த வீட்டில்தான். மகள் பட்டுப்புடவையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். அண்ணன் கட்டிலில் தட்டுத்தடுமாறி எழுந்து உட்கார்ந்தார். கையில் அட்சதையோடு டிவிக்கு முன்னால் அவர் அழுததைப் பார்த்து அழாதவர்கள் அங்கே இல்லை. என் வீட்டுக்காரர்கூடக் கிண்டலை மறந்து மூக்கை உறிஞ்சினார்.

மெயின் போர்டு போச்சு என்கிற வார்த்தை அன்று என் நாக்கு நுனிவரை வந்திருந்தது. இப்போதும் ஏதாவது ஒரு சாமானை இது அவ்வளவுதான் என்று சொல்ல வாயெடுத்தால், அட்சதையோடு உட்கார்ந்திருந்த அந்த அப்பா கண்முன் வந்துவிடுகிறார். பேசாமல் முன்பக்கம் போய் இன்னொரு தரம் பார்க்கிறேன்.