கீழ்வீட்டிலிருந்து வந்த பதிவுத் தபால்

கூட்டத்துக்குப் போகாததால்தான் நான் எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் ஆனேன். அன்று தவளக்குப்பத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு, தாம்பூலப் பை வாங்கி, பஸ் பிடித்து முத்தியால்பேட்டைக்கு வந்து சேர்வதற்குள் என்னைத் தேர்ந்தெடுத்து, வாட்ஸப் குழுவில் கைகூப்பும் படங்களெல்லாம் போட்டு முடித்திருந்தார்கள். வராதவர் தலையில் கட்டிவிடுவது எங்கள் கட்டடத்து வழக்கம். போன தடவை நானே அப்படி ஒருவர் தலையில் கட்டியிருக்கிறேன், அதனால் வாயைத் திறக்க முடியவில்லை.

ஃபிளாட் வாங்கப் போகும் உறவுக்காரர்கள் யாராவது, சங்கம் இருக்கிற கட்டடம் நல்லதா, இல்லாதது நல்லதா என்று என்னிடம் கேட்கிறார்கள். செயலாளராக இருந்தவளாயிற்றே, தெரியும் என்று நினைக்கிறார்கள். எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. என் கணவருக்கு நெஞ்சுவலி வந்த அன்று குழுவில் ஒரு வரி போட்டேன். ஐந்து நிமிடத்தில் கேட்டில் கார் நின்றது, ஒருவர் லிஃப்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், இரும்புக்கடை வைத்திருக்கும் எங்கள் தலைவர் கடையை மூடிவிட்டு ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். கூடப்பிறந்தவன் செய்வானா? இதைச் சொல்ல வாயெடுக்கும்போதே கீழ்வீட்டு அம்மாவின் கதவு ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. பாதியில் நிறுத்திவிட்டுக் காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுவிடுகிறேன்.

அந்த அம்மா எனக்கு நேர் கீழே, இரண்டாவது மாடியில் இருந்தார். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அந்த மாதிரி ஆட்களைச் சொல்தா என்போம். முப்பது நாற்பது வருஷம் பிரான்சிலேயே இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள். வந்த கொஞ்ச நாளிலேயே அந்த அம்மாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்திருக்கிறது. காலையும் சாயங்காலமும் கேட்டருகே போய்த் தெருவை வேடிக்கை பார்ப்பார். திரும்பி மேலே வந்தால் தன் வீடு எது என்று தெரியாது. பதினாறு கதவும் ஒரே காப்பி நிறம். ஏதாவது ஒரு கதவின் மணியை அழுத்துவார். திறந்தால் நம் முகத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். அவருக்குத் தன் வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டியிருந்தது, அவ்வளவுதான் விஷயம். இன்று தெரிந்ததை அன்று தெரியாததுபோல் எழுதி உங்களைச் சுற்றவிட எனக்கு விருப்பமில்லை. நாங்கள் சுற்றியதே போதும்.

அன்று எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. அந்த மனிதர் மனைவியின் நோயைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. மத்தியானத் தூக்கத்தில் மணி அடித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். எழுந்து போய்த் திறந்தால் ஒரு சிரிப்பு உண்டா, ஒரு வார்த்தை உண்டா? பிரான்சிலிருந்து வந்த திமிர் என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். அந்தக் காப்பி நிறமும் என் வேலைதான். ஒரு வீடு கிளிப்பச்சை, ஒரு வீடு ரோஸ், ஒரு வீட்டில் பளபளக்கும் ஸ்டிக்கர் என்று கிடந்ததைப் பார்த்து, “வீடா லாட்ஜா இது?” என்று கூட்டத்தில் சண்டை போட்டு, பொது வழியைப் பார்க்கிற கதவெல்லாம் ஒரே நிறம் என்று விதி கொண்டுவந்தவள் நான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அந்த மனிதருக்குப் பேச்சு நம் தமிழ்தான், எழுத்து மட்டும் பிரெஞ்சு. ஆனால் நடுவில் ஒரு வார்த்தை போடுவார், சேந்திக். மாடிப்படியில் என்னைப் பார்த்தால், “போன்ஜூர் மதாம், நீங்கதானே இப்ப சேந்திக்?” என்பார். எல்லோரும் சேர்ந்துக்கிட்டோமா என்று கேட்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். “ஆமா சார், எல்லாருந்தான் சேந்துக்கினோம்” என்பேன். அவர் தலையாட்டுவார். இப்படியே பல மாதம் இரண்டு பேரும் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள், “மதாம், ஒரு விஷயம். சேந்திக்குக்கு எழுதிடட்டுமா?” என்று கேட்டார்.

“சேந்தே எழுதலாம் சார், அதுக்கென்ன” என்றேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

நாலு நாள் கழித்துத் தபால்காரர் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தார். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. அனுப்புநர் இடத்தில் எங்கள் கட்டடத்தின் பேர், இரண்டாவது மாடி. “கீழ்வீட்டுக்காரரே அனுப்பியிருக்காரும்மா. தபாலாபீசு போயி, அது திரும்ப இங்கயே வந்துக்குது” என்று தபால்காரர் என்னைப் பாவமாகப் பார்த்தார். பத்துப் படி ஏறி வந்து கையில் கொடுக்கக்கூடியதை ஒருவர் பதிவுத் தபாலில் அனுப்புகிறார் என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். கோர்ட்டு.

பிரித்தால் உள்ளே முழுக்கப் பிரெஞ்சு. கூட்டெழுத்து வேறு. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் எனக்கு அதில் நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது. போனை மேலே பிடித்து மொழிபெயர்க்கச் சொன்னேன். அது பாதியைத்தான் பிடித்தது. ‘கதவை அன்றைய உத்தரவில் வைக்கவும்’ என்றது. ‘பெண் தன்னை இழக்கிறாள்’ என்றது. கடைசியில், ‘என் தனிச்சிறப்பான உணர்வுகளை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்றது.

என் கணவர் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். “ஏம்மா செயலாளரம்மா, இந்த வயசுல கீழ்வீட்டுக்காரர் உனக்கு உணர்வெல்லாம் அனுப்புறாரு. என்னான்னு பதில் எழுதப் போற?”

“உங்களுக்கு எப்பவும் விளையாட்டுதான். அவரு நமக்கு உத்தரவு போடுறாரு, கண்ணு தெரியலையா?” என்று எரிந்து விழுந்தேன்.

அன்று சாயங்காலமே வண்டி நிறுத்துமிடத்தில் அவசரக் கூட்டம். தலைவர் போனைத் தூரமாகப் பிடித்துப் படித்தார். “இழப்புன்னு போட்டுக்குறாருன்னா கேசுதான்க்கா. நம்ம விதியால அவங்களுக்கு நஷ்டம்னு போடப் போறாரு. இனிமே யாரும் அவருகிட்ட வாயால பேசாதீங்க. எதுன்னாலும் தபால்லயே போவட்டும்” என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான். பத்துப் படி இறங்கிப் போய், என்ன சார் எழுதியிருக்கீங்க என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஏன் கேட்கவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பதினாறு வீட்டுக்காரர்கள் ஒன்றாகப் பயந்தால் அது முடிவு மாதிரி ஆகிவிடுகிறது.

தெரிந்த வக்கீலிடம் சொல்லி இங்கிலீஷில் ஒரு பதில் எழுதினோம். கதவு சம்பந்தமாக எந்த மாற்றத்துக்கும் அனுமதி கிடையாது, மீறினால் சங்கமே சரிசெய்யும் என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். அதையும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். தபால்காரர் எங்களைப் பற்றி என்ன நினைத்தாரோ.

அது கிடைத்த அன்று அவர் மேலேயே வந்துவிட்டார். கையில் உறை, முகமெல்லாம் சிரிப்பு. நான் கதவைப் பாதி திறந்து, யாராவது பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன்.

“மெர்சி மதாம். ரெகொமாந்தேல, ரிஜிஸ்தர்லயே பதில் போட்டீங்க பாருங்க, சேந்திக்னா இப்டிதான் இருக்கணும். அங்க எங்களுக்கு மாசக்கணக்குல பதிலே வராது” என்றார்.

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. வாயால் பேசக்கூடாது என்று தலைவர் சொல்லியிருந்ததால் வெறுமனே தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல், நம் ஊரில் எல்லோரும் ஆட்டுவோமே, அந்த ஆட்டல். அவர் இன்னொரு மெர்சி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இங்கிலீஷ் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

மறுநாள் இரண்டாவது மாடிக் கதவு நீலமாக இருந்தது. நல்ல அடர்த்தியான நீலம்.

குழு பற்றி எரிந்தது. படம் மேல் படம். வேண்டுமென்றே செய்கிறார், சவால் விடுகிறார் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அந்த ஒரு வாரமும் யார் வீட்டு மணியும் தப்பாக அடிக்கவில்லை. நானும் மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன். பதினாறு வீட்டில் ஒருவராவது அதைக் கவனித்தோமா என்றால் இல்லை. கதவைப் பழைய நிறத்துக்கு மாற்றப் பெயிண்டர் வருவதற்கு உத்தரவுக் கடிதம் வேண்டும் என்றார் தலைவர். அதிலும் என் கையெழுத்துதான்.

பெயிண்டர் வரும் நாள் காலையில் எனக்கு ஏனோ மனசு சரியில்லை. நல்லெண்ணம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், கேஸ் வந்தால் என் பேர்தானே முதலில் வரும் என்ற பயம். அந்தப் பிரெஞ்சுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓய்வுபெற்ற பிரெஞ்சு டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடி போட்டு ஒரு மூச்சில் படித்தார்.

“மிரட்டல் ஒண்ணும் இல்லையேம்மா. எவ்ளோ மரியாதையா எழுதியிருக்காரு. அடுத்த கூட்டத்துல பேசுற விஷயத்துல இதையும் சேத்துக்கங்கன்னு கேக்குறாரு. பொண்டாட்டிக்கு ஞாபக மறதி, மாடி ஏறினா வழி தப்பிடுறாங்களாம். முன்ன இருந்த வீட்டுல நீலக் கதவாம், அந்தக் கலரு மட்டும் மறக்கலையாம். கதவை நீலமா அடிச்சிக்க அனுமதி வேணும்னு கேக்குறாரு.”

“அப்ப போன்ல உத்தரவு, இழப்புன்னு வந்ததெல்லாம் இதுதானா? இந்த உணர்வு?”

“இப்படிக்கு தங்கள் உண்மையுள்ளன்னு நாம எழுதுவோம்ல, அதும்மா.”

“சேந்திக்?”

“கட்டடத்த பாத்துக்கிறவங்கள அப்டிதான் சொல்லுவாங்க. நீதாம்மா அது. அங்க அவங்களுக்கு எழுதுறதுன்னா ரிஜிஸ்தர்லதான் எழுதணும், அதான் மரியாதை.”

கடிதத்தை அப்படியே பிடுங்கிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் தலைவருக்குப் போன் போட்டேன். கடையில் கூட்டமோ என்னவோ, எடுக்கவில்லை. கட்டடத்துக்குள் நுழைந்தபோது பெயிண்டர் கீழே குழாயடியில் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார். “முடிஞ்சிட்டுதும்மா. ஊட்டுல யாரும் இல்ல, பூட்டியிருந்துது. வெளிப்பக்கம் மட்டும் அடிச்சிட்டேன்” என்றார்.

லிஃப்டுக்கு நிற்காமல் படியேறினேன். இரண்டாவது மாடியில் நாலு கதவும் காப்பி நிறம். அதில் ஒன்று ஈரமாக இருந்தது. அதற்கு மேலே, என் வீட்டுக்குப் போகும் படிகளில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். கணவர் மருந்துக்கடைக்குப் போயிருக்க வேண்டும். வழக்கம்போலக் கேட்டருகே நின்றுவிட்டு இவர் மேலே வந்திருக்கிறார். இந்த முறை யார் வீட்டு மணியையும் அழுத்தவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

“ஏம்மா இங்க உக்காந்துகினு இருக்கீங்க?” என்று கேட்டேன்.

“எங்க வீட்ட எடுத்துட்டுப் போயிட்டாங்க. காலைல இருந்துச்சி. திருப்பிக் கொண்டாந்து வெச்சதும் போயிடுவேன்” என்றார். கோபமே இல்லை. பஸ் வரத் தாமதமாகிறது என்று சொல்கிற குரல்.

எடுத்தவள் நான்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். அதுவரை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு சுவரோரமாக நகர்ந்து எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்.

“உங்க வீட்டையும் எடுத்துட்டாங்களா?” என்று கேட்டார்.