பலகையில் ஏறிய கங்காணி

உங்கள் சொந்த அப்பாவை இன்னொருத்தன் தட்டிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

பெல்மதுளைப் பக்கத்து எங்கள் தோட்டத்துக்கு நூறு கட்டச் சதுரங்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான். கொழும்புக் காலேஜில் பழகிய ஆட்டம். வழக்கமான காய்களோடு, யானை மாதிரியும் குதிரை மாதிரியும் போகிற புதுக் காய் ஆளுக்கு இரண்டு. தேயிலைப் பெட்டிப் பலகையில் கட்டம் போட்டேன். புதுக் காய் கடையில் கிடைக்காது. நூல்கட்டையை வைத்து, காலேஜில் சொல்கிறபடி 'சான்சலர்' என்றேன்.

ஃபேக்டரியில் வேலை செய்யும் என் கூட்டாளி செல்வம் அதைத் தூக்கி எறிந்தான்.

"என்னடா சான்சலரு? நேராவும் வருது, ஆளு மேல தாவியும் வருது. இது நம்ம கங்காணிடா!"

மறுவாரமே ரப்பர் மரக் கட்டையில் தலைப்பாகை, கோட்டு, கைத்தடியோடு செதுக்கிக் கொண்டுவந்தான்.

எங்கள் அப்பாதான் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி. நான் எத்தனை முறை ஆடக் கூப்பிட்டாலும், "போடா, வேலையத்த வேலை" என்றவர். அந்தக் காயைக் கையில் எடுத்துப் பார்த்தார். செல்வம் தொலைந்தான் என்று உள்ளுக்குள் குதித்தேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"மூக்குகூட என் மூக்குதாண்டா! சரி செல்வம், இவன் எப்புடிப் போவான்? சொல்லிக்குடு."

"நான் சொல்றேம்பா."

"நீ இருடா. செஞ்சவன் சொல்லட்டும்."

விதியெல்லாம் எனக்குத்தான் அத்துபடி. அந்தப் பலகையில் அப்பாவுக்கும் ஓர் இடம் வைக்கலாம் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போதும் வாசலில் இரண்டு பேரும் ஆடுகிறார்கள். என்னைத் தேத்தண்ணி கொண்டுவரச் சொல்கிறார்கள்.