புகைந்த அடுப்பும் நான் பேசிய ஜேர்மனும்

போன ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜேர்மனியில் ஹம் நகருக்குப் பக்கத்தில், எங்கள் ஊரில், நிலக்கரிச் சுரங்க வேலைக்கு முதன்முதலில் வந்து குடியேறியவர்களின் வீடு ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் அக்கா கூப்பிட்டதால் போனேன். இவ்வளவு காலம் இந்த ஊரில் இருந்தும், பிறர் வீடு என்ற தயக்கத்தில் உள்ளே போனதில்லை. போனது அன்றுதான்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவள். ஜேர்மன் நன்றாக விளங்கும். நாலு பேர் முன்னால் பேசத்தான் வராது.

அந்த வீட்டுச் சமையலறையில் பழைய இரும்பு அடுப்பு ஒன்று இருந்தது. மாதத்தில் ஒருநாள் அதில் கோதுமை மாவில் பாண் சுட்டு, வருபவர்களுக்குக் கொடுப்பார்களாம். வழக்கமாக அடுப்பு மூட்டுபவருக்கு அன்று சுகமில்லை. வீட்டைச் சுற்றிக் காட்டும் பெரியவர் தானே மூட்டினார். புகை குழாயில் ஏறாமல் அறைக்குள்ளேயே திரும்பி வந்தது. எல்லோரும் இருமினோம். பிசைந்து வைத்த மா பொங்கித் தட்டை விட்டு வழிந்தது. இன்றைக்குப் பாண் இல்லை என்று அவர் முகம் சிவக்கச் சொன்னார்.

"குழாய் குளிர்ந்துபோய்க் கிடக்குது அக்கா. முதல்ல அதைச் சூடாக்கோணும்" என்றேன் மெல்ல.

"அதை ஏன் எனக்குச் சொல்லுறாய்? அந்தாளுக்குச் சொல்லு."

"ஐயோ, எனக்கு ஏலாது. நீங்கள் சொல்லுங்கோ."

"எனக்கு ஹீட்டர் திருகத்தான் தெரியும். நீ வாயைத் திறந்தா இந்த வீடு இடிஞ்சே விழப்போகுது?"

பெரியவர் மாத் தட்டைத் தூக்கிக்கொண்டு குப்பை வாளிப் பக்கம் திரும்பினார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. பொறுங்கள் என்று ஜேர்மனில் சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

புகைந்த விறகை இடுக்கியால் எடுத்து இரும்பு வாளியில் போட்டேன். புகைக்குழாயின் அடியில் இருந்த சின்னக் கதவைத் திறந்து, பத்திரிகைத் தாளைச் சுருட்டி வைத்துக் கொளுத்தினேன். மூன்றாவது தாள் 'புர்' என்று மேலே இழுபட்டது. கதவை மூடிவிட்டு அடுப்பில் சிறு விறகு வைத்தேன். கரி கடைசியில். புகை ஒழுங்காக மேலே போனது.

உங்கள் நாட்டில் பழகியதா என்று கேட்டார் பெரியவர்.

இல்லை, இங்கேதான், இரண்டு தெரு தள்ளி என்றேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் அடுப்புக்குப் புகைக்குழாயே இல்லை. அகதியாக வந்த முதல் குளிர்காலத்தில், நாங்கள் நான்கு குடும்பங்கள் இருந்த பழைய வீட்டில்தான் இப்படி ஓர் அடுப்பு. ஒரு கிழமை இருமி இருமித்தான் அதை மூட்டப் பழகினோம். இதை எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றார் அவர். சொன்னேன். பிழையோடுதான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை, கேள்விதான் கேட்டார்கள்.

சுடச்சுடப் பாணைக் கடித்தபடி அக்கா சொன்னார்: "இனி உன்ர வாயை மூடத்தான் ஒரு கதவு தேடோணும்."

வழக்கமாக மூட்டுபவர் பிறகு வரவில்லை. பெரியவர் கேட்டதால், இப்போது மாதத்தில் ஒருநாள் அந்த அடுப்பை மூட்டுவது நான்தான். 'முதலில் வந்து குடியேறியவர்களின் வீடு' என்று வாசலில் எழுதியிருப்பதை ஒவ்வொரு முறையும் வாசிக்கிறேன். பிறர் வீட்டுக்குள் போகிற தயக்கம் இப்போது எனக்கு வருவதில்லை.