கடைசியாக வந்து கதவு சாத்துகிறவர்

கிளெனிஸ் பர்க்கிஸ் குனிந்து, புல்லுக்குள் கிடந்த ஒற்றைக் காலுறையை எடுத்து உதறிப் பைக்குள் போட்டுக்கொண்டார். நாலு எட்டு தள்ளி ஒரு சூப்பான். துடைத்துப் பார்த்து அதையும் போட்டுக்கொண்டார். "பிள்ளையை மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போயிடறாங்க. அந்த மட்டுக்கும் சந்தோஷம்."

ஹாட்டர்லி கிராமத்தில் மாதம் ஒரு ஞாயிறு குடும்ப நடை. அது முடிந்ததும், வந்த வழியே தனியாக ஒரு முறை நடந்து, விட்டுப்போனதையெல்லாம் பொறுக்கி வருவது கிளெனிஸின் வழக்கம். பொறுக்கியவை தேவாலயத்து வாசல் பெஞ்சில் வரிசையாகக் காத்திருக்கும். இந்த முறை கண் மருத்துவரைப் பார்க்க வெளியூர் போய்விட்டதால் புதன்கிழமை காலையில்தான் கிளம்ப முடிந்தது. ஒரு வாரமாக மழை இல்லை. காலை எட்டு மணிக்கே வெயில் பிடரியைச் சுட்டது.

பள்ளிக்கூடச் சமையலறையில் வெகுகாலம் கரண்டி பிடித்தவர். ஊரில் தலை நரைக்கத் தொடங்கியவர்கள்கூட அவரை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாணியை ஒதுக்கி வைத்தவன் யார், கஸ்டர்டை மேசைக்கடியில் கொட்டியவள் யார் என்பதெல்லாம் இன்னும் நினைவிருக்கிறது. சமயம் பார்த்துச் சொல்லியும் காட்டுவார். நடைக்கு வரும் குடும்பத்தை முதலில் கால்களில்தான் பார்ப்பார். வெள்ளைக் காலணி போட்டு வந்தவரிடம், "போகும்போது இது என்ன நிறம்னு பாக்கலாம்" என்பார். காஞ்சொறி பட்டு அலறும் குழந்தைக்குப் பக்கத்துச் செடியிலிருந்து அகல இலை பறித்துத் தேய்ப்பார். எரிச்சல் போகிறதோ இல்லையோ, அவர் தேய்க்கிற வேகத்தில் குழந்தைக்கு அழ மறந்துவிடும்.

தூரத்தை அவர் ஒருபோதும் மைலில் சொல்வதில்லை. "அதோ அந்த வளைவு தாண்டினா முடிஞ்சுது."

"போன வளைவுலயும் இதேதான் சொன்னீங்க, மிஸ்."

"அது வேற வளைவுடா கண்ணு."

நடையில் முன்னால் போவது யார் வேண்டுமானாலும் இருக்கலாம். கடைசியில் வருவது எப்போதும் கிளெனிஸ்தான். "முன்னால போறவங்களுக்குக் காட்சி, பின்னால வர்றவளுக்குக் கதவு" என்பார். மூடியிருந்த வேலிக் கதவை மூடிவிட்டு வரவேண்டும், திறந்திருந்ததைத் திறந்தபடியே விடவேண்டும். அங்கே பிள்ளைகள் எழுத்துப் படிக்குமுன் படிக்கிற பாடம் அது. நடை தொடங்குமுன் தேவாலயத்து வாசலில் எல்லோரையும் நிற்கவைத்து, பெரியவர்கள் உட்பட, ஒரு முறை சொல்லவைப்பார்.

ப்ரோசர் பண்ணையின் மேல்வயலுக்குள் அவர் நுழைந்தபோது முதலில் காதில் விழுந்தது ஒரு சத்தம். ஆடுகள் வழக்கமாகக் கத்துவதுபோல் இல்லை. தொண்டை வறண்ட ஒரு கரகரப்பு. பிறகு நாற்றம். வயலின் கீழ்மூலையில், ஓடைப்பக்கம் இறங்கும் கதவை ஒட்டி, செம்மறிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மேலே கிடந்தவை மூச்சு வாங்கின. அடியில் கிடந்தவற்றின் கண்களில் ஈ மொய்த்தது. கதவுக் கம்பிகளுக்கிடையே ஒரு தலை மாட்டி, நாக்கு வெளியே தள்ளி, ஓடையைப் பார்த்தபடியே விறைத்திருந்தது.

கிளெனிஸ் வாயைப் பொத்திக்கொண்டார்.

கதவுக்கு அந்தப்புறம் ஆல்வின் ப்ரோசர் வாளியோடு ஓடையிலிருந்து ஏறி வந்தான். தகப்பன் போனபின் பண்ணையைத் தனியாகப் பார்ப்பவன். சட்டை முழுக்க நனைந்து, முகம் வெளுத்திருந்தது.

"கிட்ட வராதீங்க மிஸ். பாக்காதீங்க."

"ஐயோ ஆல்வின்... என்னடா இது?"

"மேல்தொட்டிக் குழாய் உடைஞ்சு போச்சு. ஓடைக்கு இறங்கிக் குடிக்கட்டும்னு இந்தக் கேட்டைத் திறந்து வேலியோட சேத்துக் கட்டி வச்சிருந்தேன். எவனோ சாத்திட்டான். நான் அந்தப் பக்கம் புல்லறுப்புல இருந்தேன் மிஸ். டிராக்டர்லேருந்து நேத்திக்குக்கூடப் பாத்தேன். மந்தையா இங்க படுத்திருந்துது. நிழலுக்கு ஒதுங்கியிருக்குன்னு..." வாளித் தண்ணீரை உயிரோடிருந்த ஓர் ஆட்டின் வாயோரம் மெல்லச் சாய்த்தான். அதற்கு விழுங்கத் தெரியவில்லை.

கிளெனிஸுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "கட்டி வச்ச கேட்டைச் சாத்தறதா? பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே! எந்தப் பாவிடா அது? கையில கிடைச்சா செவிட்டுல அறைஞ்சிடுவேன்."

"எவனோ என்ன எவனோ. ஞாயித்துக்கிழமை உங்ககூட வந்தாங்களே, பர்மிங்ஹாம்காரங்க, அந்த நாயை வச்சிக்கிட்டு. அவங்கதான். வேற யாருக்கு இந்த ஊர்ல கேட்டு வழக்கம் தெரியாது?"

முகத்தைத் துடைக்கக் கைக்குட்டை தேடிக் கிளெனிஸ் பைக்குள் கைவிட்டார். விரலில் ஏதோ சுற்றிக்கொண்டது. வழவழப்பான நைலான் கயிறு. வெளியே எடுக்காமலே அதன் நிறம் நீலம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இந்த மேல்வயல் மரத்தடியில்தான் துணி விரித்து உட்கார்ந்தார்கள். பர்மிங்ஹாமிலிருந்து வந்து, பழைய பிரார்த்தனைக் கூடத்தை வீடாக்கிக் குடியிருக்கிற தமாராவின் மகள், நடக்கக் கற்ற கையோடு ஓடக் கற்றவள், இரண்டு முறை ஓடையை நோக்கிப் பாய்ந்தாள். கிளெனிஸ்தான் எழுந்துபோய் முடிச்சை அவிழ்த்து, கயிற்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார். தமாரா தயங்கித் தயங்கி வந்து கேட்டாள்: "திறந்திருந்ததைச் சாத்தலாமா மிஸ்? காலையில நீங்கதானே சொல்லித் தந்தீங்க?"

"சாப்பிடற வரைக்கும்தான். போகும்போது நானே கட்டிடறேன். கடைசியா வர்றவ நான்தானே?"

பிறகு ஒரு பையனைக் குளவி கொட்டியது. உதடு வீங்கிவிட்டது. துணியைச் சுருட்டி, தள்ளுவண்டிகளைத் திருப்பி, பக்கத்துச் சந்து வழியாக எல்லோரும் ஓட்டமும் நடையுமாக ஊருக்குள் போனார்கள். பையனைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் கிளெனிஸ்.

"அப்பா வாய்வார்த்தையா விட்டுக் கொடுத்த வழி இது. எழுத்துல ஒண்ணும் கிடையாது." ஆல்வின் வாளியை வீசினான். "இன்னையோட சரி. முள்கம்பி போட்டு அடைக்கப்போறேன். சாயங்காலம் அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னு, ஊரே கேக்கற மாதிரி கேக்கப்போறேன். நீங்களும் வாங்க. நீங்க சொன்னா ஊர் நம்பும்."

கிளெனிஸ் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். ஊரைச் சுற்றி வேறு பாதைகள் உண்டு. எல்லாவற்றிலும் வேலிப்படி ஏறி இறங்கவேண்டும். தள்ளுவண்டி போகிற வழி இது ஒன்றுதான். இது போனால் நடையும் போயிற்று. சும்மா தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். தமாரா சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? வந்து ஆறு மாதம்கூட ஆகாதவள்.

"அவங்க இல்ல, ஆல்வின்."

"விடுங்க மிஸ். யாரையும் காப்பாத்த வேண்டாம்."

"அவங்க இல்லடா. நான்."

அவன் சிரிப்பதற்கு வாயைக் கோணினான். "நீங்களா? கேட்டு விஷயத்துல நீங்களா? அஞ்சாம் வகுப்புல ஒரு கேட்டைத் திறந்து போட்டதுக்கு எனக்கு ஒரு வாரம் கஸ்டர்டு குடுக்காதவங்க நீங்க."

அவர் கையை வெளியே எடுத்து விரித்தார். அவன் கையால் போட்ட முடிச்சின் மடிப்பு இன்னும் அந்தக் கயிற்றில் கலையாமல் இருந்தது.

ஆல்வின் அதை வெகுநேரம் பார்த்தான். தொடவில்லை. பின்னால் ஏதோ ஓர் ஆடு இருமியது.

"ஏன் மிஸ்?" அவன் குரல் சின்னப் பையனுடையதுபோல் வந்தது. "மத்தவங்கன்னா சரி. நீங்க ஏன்?"

குழந்தை ஓடியதையும் குளவியையும் சொல்ல அவர் வாயெடுத்தார். கம்பியில் மாட்டிய அந்தத் தலையைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டார். "மறந்துட்டேன்" என்றார். "அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். மறந்துட்டேன்."

அவன் கதவைத் தள்ளினான். அடியில் கிடந்த உடல்கள் தடுத்தன. இரண்டு கைகளாலும், பிறகு தோளாலும் தள்ளினான். ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி வந்தது. நிற்க முடிந்த ஆடுகள் அவன் கால்களை இடித்துக்கொண்டு ஓடைக்குச் சரிந்து ஓடின.

"செத்ததைப் புதைக்கக் கூடாது, சட்டம். வண்டி வந்து எடுத்துட்டுப் போகும்" என்றான், அவர் முகத்தைப் பார்க்காமல். "ரோட்டோரம் வரைக்கும் இழுத்துப் போடணும். நீங்க வீட்டுக்குப் போங்க. வழியைப் பத்தி இப்ப எதுவும் கேக்காதீங்க."

"கேக்கல."

அவன் இடைவெளி வழியாக வயலுக்குள் நுழைந்து, குனிந்து முதல் ஆட்டின் முன்னங்கால்களைப் பிடித்தான். தூக்க முடியாமல் ஒரு முழம் இழுத்து, நின்று, மூச்சு வாங்கினான். கிளெனிஸ் கிடந்த உடல்களுக்கிடையே கால்வைத்து வந்து, எதிர்ப்பக்கம் மண்டியிட்டு, ஈக்களை விரட்டாமலே பின்னங்கால்களை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, அவன் தூக்குவதற்காகக் காத்திருந்தார்.