நெஞ்சில் இருந்த பழைய நம்பர்

பந்தலூரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தேயிலைக் கொழுந்து ஏற்ற இரண்டு லாரி, மெத்தை வீடு, மாரியம்மன் கோயிலுக்கு முன்மண்டபம், இரண்டு பெண்களுக்குக் கல்லூரிப் படிப்பு, எல்லாம் இந்தக் கையால் செய்தது. சிலோனிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்த குடும்பம் இப்படி நிமிரும் என்று யாரும் நம்பவில்லை. அப்படிப்பட்ட நானும் போன வருடம் கொழும்பு விமான நிலையத்தில் வழி தெரியாமல் நின்றேன்.

அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் என் அக்கா இருக்கிறாள். நாங்கள் கப்பல் ஏறியபோது அவளுக்குக் கல்யாணமாகிவிட்டதால் அங்கேயே தங்கிவிட்டாள். இப்போது படுத்த படுக்கை. "தம்பிய ஒருக்கா பாக்கணும்" என்றே சொல்லிக்கொண்டிருப்பதாக அவள் மகன் போன் செய்தான். என் பாஸ்போர்ட் அப்போதுதான் புதுப்பித்து வந்திருந்தது. விசாவுக்காக நானும் மனைவியும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம்.

அங்கிருந்த பெண் பாஸ்போர்ட் புத்தகத்தைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. சிலோனிலிருந்து வந்து இறங்கி மண்டபம் முகாமில் இருந்தபோது அப்பா தினமும் எங்களை நிற்கவைத்துப் பாஸ்போர்ட் நம்பரை ஒப்பிக்கச் சொல்வார். புத்தகம் தொலைந்தாலும் நம்பர் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் நம்பிக்கை. அன்றிலிருந்து எனக்கு எல்லா நம்பரும் நெஞ்சில்தான். கண்ணை மூடிக் கடகடவென்று சொன்னேன்.

"எதுக்கும் புத்தகத்தப் பாத்துச் சொல்லுங்களேன். பெருமைய ஊட்டுல வச்சுக்கலாம்" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. ஆதார் போல இந்த நம்பரும் மாறாது என்று நினைத்திருந்தேன்.

கொழும்புக் கவுண்டரில் இருந்த பெண் அதிகாரிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்தப் புத்தகத்துக்கு விசா இல்லையே" என்றார். விசாக் காகிதத்தை நீட்டினேன். "இது வேற நம்பர். புதுசா எடுத்தா நம்பரும் புதுசுதான். தெரியாதா?"

திருப்பி அனுப்பிவிட்டால், நான் மறுபடி வரும்வரை அக்கா இருப்பாளா? "அந்தப் பழைய நம்பர் என்னோடதுதாம்மா. அதுலதான் மச்சான் சாவுக்கு வந்துட்டுப் போனேன். இப்ப அக்கா படுத்த படுக்கையா இருக்கா, பாக்க வந்திருக்கேன்" என்றேன்.

"எங்க, பேப்பரப் பாக்காம சொல்லுங்க."

சொன்னேன். அவர் என் புதுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்த்தார். பழைய நம்பரை அங்கே அச்சடித்திருப்பார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிறகு அந்த நம்பரைத் தட்டினார். நான் முன்பு வந்தது, போனது, போட்டோ எல்லாம் திரையில் வந்திருக்க வேண்டும். சிரித்தார்.

"அப்ப மீசை கறுப்பா இருந்திருக்கு."

"அப்ப மை அடிக்க நேரமிருந்துச்சும்மா."

பின்னால் அத்தனை பெரிய வரிசை. ஆனாலும் அவர் எரிந்து விழவில்லை. தானே எழுந்து என்னைப் பக்கத்து மேசைக்குக் கூட்டிப்போய், விசாவில் நம்பரைத் திருத்த வைத்து, முத்திரை குத்திக் கொடுத்தார். "அக்காவ நான் விசாரிச்சதா சொல்லுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் அக்கா பிடித்த என் கையை விடவே இல்லை.

அந்தப் பெண் அதிகாரியைப் போல வேலை செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் என் மகள்கள், கம்ப்யூட்டர்தான் காப்பாற்றியது என்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு உரியது கம்ப்யூட்டருக்கு, அந்த அம்மாவுக்கு உரியது அவருக்கு, முகாமில் நிற்கவைத்த அப்பாவுக்கு உரியது அப்பாவுக்கு. ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னது இந்த வாய். இந்தக் கதையை யார் சொன்னாலும் என் பங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.